ஏரி நடுவில் நின்ற எக்கோ

கோலார் தங்கவயலில் நச்சரிப்புக்கென்று ஒரு பட்டம் கொடுப்பதாக இருந்தால், போட்டியே வைக்காமல் எக்கோவின் கையில் கொடுத்துவிடலாம். காலை ரயிலில் அவர் எதிரில் உட்கார்ந்தவர்கள் தூங்குவதுபோல் நடிப்பார்கள். நிஜமாகவே தூங்கியவர்களை அவர் தட்டி எழுப்பிவிடுவார்.

சொந்தப் பெயர் அவருடைய பாஸ்போர்ட்டுக்கும் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். கப்பலில் போய்க் கடலின் ஆழத்தை அளக்கும் சர்வே வேலை. எதிரொலியை வைத்து ஆழம் பார்க்கிற கருவியோடு பழகியதால் எக்கோ என்ற பெயர் வந்தது என்று அவர் சொல்லிக்கொள்வார். நாங்கள் பெயர் வைத்த காரணம் வேறு. யார் என்ன சொன்னாலும் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வார். கப்பல் வயர்லெஸ்ஸில் அப்படித்தான் பேச வேண்டுமாம். கல்யாணத்தில் பாதிரியார் சொல்லச் சொன்ன உறுதிமொழியைத் திருப்பிச் சொன்னதோடு நிற்காமல், "நான் கேட்டது சரிதானே ஃபாதர்?" என்றும் கேட்டவர்.

இரண்டு மாதம் கடல், இரண்டு மாதம் ஊர். ஊரில் இருக்கும் இரண்டு மாதமும் அவருக்கு ஒரே கவலை: இப்படி ஒரு வேலை இருப்பதே யாருக்கும் தெரியவில்லை, தெரிந்து வருகிறவர்களுக்கும் வேலை தெரியவில்லை.

நான் அப்போது தங்கவயலின் நந்திதுர்க் பகுதியிலிருந்து தினமும் பெங்களூர் போய், ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் எண்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ரயிலில், நான் அடிக்கிற எண் தப்பாக இருந்தால் எனக்குத் தெரியுமா என்று கேட்டார். அது என் வேலை இல்லை என்றேன்.

"அதான் சிஸ்டர் ரோதனையே. கப்பல்ல பட்டன் அமுக்குறதுக்கு நிறைய பேரு இருக்காங்க. வந்த நம்பர் மேல சந்தேகப்படத்தான் ஆள் இல்ல," என்றார். பங்காருபேட்டை தாண்டியும் அவர் நிறுத்தவில்லை. வகுப்பில் சேர்கிறேன் என்று சொன்ன பிறகுதான் விட்டார்.

வகுப்பு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் ஹாலில். 'தண்ணிக்கு அடியில் என்ன இருக்கிறது?' என்று மைசூர் மைன்ஸ் குடியிருப்பு வரை போஸ்டர் ஒட்டினார். யாரோ அதன் கீழே பேனாவால் 'பாட்டில்' என்று பதில் எழுதியிருந்தார்கள். முதல் வாரம் வந்தவர்களில் நான்கு பேர் நீச்சல் கற்க வந்தவர்கள். ஒருவர் துபாய் விசா விசாரிக்க வந்தவர். கடைசியில் தங்கியது ஏழு பேர்.

கடல் எங்களுக்கு ஒருநாள் பயணம். ஆகவே பங்காருபேட்டைக்கு அப்பால், பல வருடம் வறண்டு கிடந்து அந்த வருட மழையில் நிரம்பியிருந்த ஏரிதான் எங்கள் கடல். மீன் பிடிக்கும் முனியப்பாவின் பரிசல்தான் கப்பல். ஒவ்வொரு முறையும் அளப்பதற்கு முன்னால், கரையில் நட்டிருக்கும் அளவுக்கல்லில் நீர்மட்டம் என்ன என்று குறிக்க வேண்டும். தண்ணீர் ஏறும், இறங்கும். மட்டம் தெரியாத ஆழம் வெறும் எண்தான் என்பார். ஒரு ஞாயிறு அதைக் குறிக்க மறந்துவிட்டோம். வெயிலில் வெந்து அளந்த முழுநாள் வேலையையும் எங்கள் கையாலேயே அழிக்கவைத்தார்.

அந்த ஏரியின் வடக்குப் பாதியில் ஒரு மேடு அகப்பட்டது. பழைய மதகின் கல்மேடை. தண்ணீருக்கு ஒன்றரை மீட்டர் கீழே இருந்தது. அது இருக்கும் இடத்தின் எண்களைக் கம்ப்யூட்டரிலும், இடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவியிலும் ஏற்றியது நான்.

இரண்டு மாதம் கழித்து, அந்த ஏரியில் மோட்டார் படகு விடப்போவதாக அறிவிப்பு வந்தது. முதல் சவாரி பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. என் மகள் ஷீபாவின் வகுப்பும் அதில் இருந்தது. படகு விடும் காண்டிராக்டர் வைத்திருந்த வரைபடத்தை எக்கோ எப்படியோ பார்த்துவிட்டார். ஏரி முழுக்க ஆழம் நான்கு மீட்டர் என்றது அது. சர்வே செய்தவர் ஏரியின் குறுக்கே மூன்றே கோடு போட்டு, அந்தக் கோடுகளில் மட்டும் அளந்திருக்கிறார். கல்மேடை இரண்டு கோட்டுக்கு நடுவில் தப்பித்துவிட்டது. எந்த நாளில் எந்த மட்டத்தில் அளந்தது என்ற குறிப்பே இல்லை. இதற்கிடையில் வயலுக்குத் திறந்துவிட்டதில் ஏரி ஒரு மீட்டர் இறங்கியிருந்தது.

எக்கோ காண்டிராக்டரிடம் போனார்.

"சர்ட்டிபிகேட்ல சீல் இருக்குது. நீங்க எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கேட்டார் அவர்.

"எந்த டிபார்ட்மெண்ட். ஒண்ணும் இல்ல சார்," என்றார் எக்கோ.

மனுவும் கொடுத்துப் பார்த்தார். தினமும் போய் நின்றார். தொல்லை தாங்காமல், படகைத் தெற்குக் கரையோரமாகவே ஓட்டுவதாகக் காண்டிராக்டர் வாய் வார்த்தையாக ஒப்புக்கொண்டார். அதை நம்பித்தான் ஷீபாவை அனுப்பினேன்.

தொடக்க விழா அன்று படகு முப்பது பிள்ளைகளோடு கிளம்பியது. லைஃப் ஜாக்கெட்டுகள் மடிப்புக் கலையாமல் விழா மேடையில் அடுக்கியிருந்தன. தெற்குக் கரையோரம் கொஞ்ச தூரம் போனது. போட்டோக்காரர் வடக்குக் கரையிலிருந்து துணியை வீசி ஏதோ சைகை காட்டினார். படகின் மூக்கு வடக்கே திரும்பியது.

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எக்கோ ஓடினார். முனியப்பா பரிசலைத் தள்ளினார். ஆழம் பார்க்கும் நீண்ட மூங்கில் கரையிலேயே தங்கிவிட்டது. கையில் இருந்தது ஒரு துடுப்பு மட்டும். கல்மேடைக்கு நாங்கள்தான் பக்கம் என்பதால் படகுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். எக்கோ கையோடு கொண்டுவந்த ஜி.பி.எஸ். கருவியில் நான் ஏற்றியிருந்த எண்ணைப் பார்த்து, இதுதான் இடம் என்றேன். எக்கோ துடுப்பை வாங்கிக் குத்தினார். வெறும் தண்ணீர். ஆறடி தள்ளிக் குத்தினார். அங்கும் தண்ணீர்.

அந்த எண்ணை அடித்த நாளில் போனில் பேசிக்கொண்டே அடித்தேன். மூன்றை எட்டாக்கியிருந்தால்? காற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் அலைந்தது; உள்ளே ஒன்றும் தெரியவில்லை. படகின் இரைச்சல் நெருங்கியது. முன்வரிசையில் ஷீபா எனக்குக் கையாட்டினாள்.

மூன்றாவது குத்தில் 'டக்' என்றது.

நாங்கள் கத்தியது என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. மீன்பிடிப் பரிசல்தானே, விலகிக்கொள்ளும் என்று ஓட்டுநர் வேகம் குறைக்காமல் வந்தார். எக்கோ செருப்பைக் கழற்றினார். அவருக்கு நீச்சல் தெரியாது. கப்பல் மிதக்கும்போது நான் எதற்கு மிதக்க வேண்டும் என்று கேட்கிற ஆள்.

"பேடா சார், பேடா," என்று முனியப்பா கன்னடத்தில் கெஞ்சி, எக்கோவின் சட்டையைப் பிடித்துத் தடுத்தார்.

எக்கோ இறங்கிவிட்டார். பாசியில் ஒருமுறை வழுக்கி, சமாளித்து, இரண்டு கையையும் விரித்து நின்றார். ஏரியின் நட்டநடுவில், முழங்கால் அளவுத் தண்ணீரில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு.

என்ஜின் அணைந்தது. படகு வந்த வேகத்தில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து, பத்தடி தள்ளி நின்றது. ஓட்டுநர் எக்கோவின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கழியால் தள்ளித் தள்ளிப் படகைத் திருப்பிக்கொண்டு போனார். கரையிலிருந்து மைக்கில் காண்டிராக்டர் திட்டிக்கொண்டிருந்தது பாதியில் நின்றது.

அதற்குப் பிறகு எக்கோவால் பரிசலில் ஏற முடியவில்லை. அவர் முனியப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ள, குழந்தையைத் தூக்குவதுபோல்தான் தூக்கிப் போட வேண்டியிருந்தது.

கரை சேரும்போது, எண் தப்போ என்று பயந்ததை அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

"சந்தேகம் வந்துச்சா சிஸ்டர்?"

"வந்துச்சுண்ணா."

"அப்ப நீங்க பரீட்சையில பாஸ்," என்றார்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு புதியவர் வந்து உட்கார்ந்தார். அந்த மூன்று கோடு போட்டவர். அரைநாளில் கருவியை ஆன் செய்யக் கற்றுக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். எக்கோ எழுந்துபோய்த் தன் நோட்டை அவரிடம் கொடுத்தார். அந்தப் புதியவரும் நானும் இப்போது பெங்களூரில் ஒரே ஆபீசில், கப்பல்களிலிருந்து வரும் ஆழக் கணக்குகளைச் சரிபார்க்கிறோம். மதகு மேடையில் சிவப்புக் கம்பம் நட்டிருக்கிறார்கள்.

எக்கோ இந்த மாதம் கடலில் இருக்கிறார். வங்கக்கடலில் புயல் என்று செய்தி வந்தால், எங்கள் வரிசை வீடுகளில் சேனலை மாற்றிவிடுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும், அது கரையைக் கடந்து ஓய்கிறவரை ரிமோட்டை ஷீபா யாருக்கும் கொடுப்பதில்லை. நானும் கேட்பதில்லை.