இரும்பு வீட்டில் பெண் பார்த்த நாள்

சொந்தக்காரர்கள் கூடியிருக்கும் இடத்தில், நான் கட்டட எஞ்சினியர் என்று வாயைத் திறப்பதில்லை. திறந்தால் யாராவது சிரித்துவிடுவார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் படிப்பை முடித்துவிட்டுக் காரைக்காலில் சும்மா இருந்தேன். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து பென்ஷனோடு ஊர் திரும்பிய சித்தப்பா, கடற்கரைப் பக்கம் மனை வாங்கியிருந்தார். "செங்கல் வீடெல்லாம் இனிமே யாரு கட்டுவா சித்தப்பா?" என்று ஆரம்பித்தேன். தூண், உத்தரம், கூரைத் தகடு எல்லாவற்றையும் இரும்பிலேயே திருச்சியில் ஒரு பட்டறையில் செய்து, லாரியில் கொண்டுவந்து போல்ட் முடுக்கினால் வீடு ரெடி. கூடத்துத் தூண்களைச் சுவருக்குள் மறைக்காமல் அப்படியே விட்டேன். (அதுதான் மாடர்னாம்.) சித்தப்பா என்னை நம்பினார். பாவம்.

வீடு எழுந்தது. அம்பகரத்தூர்க்காரர் ஒருவர் நெல் மூட்டைகளோடு வண்டியை வாசலில் நிறுத்தி, "மில்லு எப்பங்க தொறக்குறீங்க?" என்று கேட்டார். சித்தி விருட்டென்று உள்ளே போய்விட்டார். முதல் வருஷமே உப்புக்காற்று தூண்களில் வேலையைக் காட்டியது. துருவைச் சுரண்டிச் சுரண்டிப் பச்சை பெயிண்ட் அடித்தோம்; அதையும் மீறிக் கசிந்தது.

அந்த ஐப்பசியில் சித்தப்பா மகள் பிலோமினாவைப் பெண் பார்க்கத் திருமலைராயன்பட்டினத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில் தூணோரம் சாய்ந்து உட்கார்ந்தார். காபி கொடுத்ததும் மழை பிடித்துக்கொண்டது. தகட்டுக் கூரையில் லாரி லாரியாக ஜல்லி கொட்டுவது போல் சத்தம். மாப்பிள்ளையின் அப்பா மலர்ந்த முகத்தோடு கத்தினார்: "பொண்ணு புடிச்சிருக்கு!"

சித்தப்பா காதில் விழுந்தது "புடிச்சிருக்கு" மட்டும்தான். எந்நேரமும் துரு நினைப்பிலேயே இருந்த மனிதர், அதைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். முகம் வாடிப்போய், மழைக்கு மேல் குரலை உயர்த்தினார்: "உண்மைதாங்க! மேல பெயிண்டு அடிச்சு நிக்க வச்சிருக்கோம். உள்ள எவ்வளவு அரிச்சிருக்குன்னு எங்களுக்கே தெரியாது!"

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். பிலோமினா அழுதுகொண்டே உள்ளே ஓடினாள். (அன்றைக்குப் பவுடர் கொஞ்சம் அதிகம்தான்.) "கெளம்புங்க" என்று அந்த அம்மா எழுந்தார். நான் தூணைக் காட்டித் "துரு! துரு!" என்று அலறினேன். யாருக்குக் கேட்டது?

மாப்பிள்ளையும் எழுந்தார். அவர் முதுகில், தோளிலிருந்து இடுப்புவரை செம்பழுப்பாக ஒரு பட்டை. சித்தி பதறி அதைத் தொட்டுக் காட்டினார். மாப்பிள்ளை சட்டையை இழுத்துப் பார்த்தார். தூணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விஷயம் புரிந்து முதலில் சிரித்தவர் அவர்தான். பிறகு எல்லோருமே சிரித்தார்கள்.

சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் சம்மதம் சொல்லிப் போனபிறகு என்னிடம், "வீடு போவட்டும்டா. எம்மவ கல்யாணமே போயிருக்கும்" என்றார்.

போன வருஷம் பிலோமினாவின் மகள் வீடு கட்டினாள். பிளானை என் கண்ணில் காட்டவே இல்லை, புதுமனை புகுவிழாவன்றுதான் பார்த்தேன். "நல்லா இருக்கும்மா" என்றேன், மனதார.

பிலோமினா பதறிப்போய் மருமகனைக் கூப்பிட்டாள்: "மாப்ள, அண்ணனே நல்லா இருக்குங்குது. எதுக்கும் மேஸ்திரிய வரச் சொல்லி ஒரு தடவ பாத்துருங்க."