புல் மேல் நடக்கலாமா?

ஒரு காட்டில் ஏகாம்பரம் என்று ஒரு கீரி இருந்தது. பழைய கதைகளில் கீரி என்றால் பாம்போடு சண்டை போட வேண்டும். இந்தக் கீரிக்கு அதற்கெல்லாம் நேரமில்லை, ஏனென்றால் அதன் பெண் அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தாள். பிளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டில் இருக்கும்போது பாம்பே வந்து வாசலில் படுத்தாலும், "கவுன்சலிங் முடியட்டும், அப்புறம் வாங்க" என்றுதான் சொல்லத் தோன்றும்.

பெண்ணின் பெயர் சிந்தாமணி. படிப்பில் சுமார்தான். ஆனால் கையில் ஒரு வேப்பங்குச்சி கிடைத்தால் போதும், தரையில் கிடக்கிற நெல்லிக்காயை ஒரே அடியில் நூறு அடி தள்ளியிருக்கும் பெருச்சாளி வளைக்குள் போட்டுவிடுவாள். முட்டையைக் கல்லில் மோதி உடைத்தே வளர்ந்த குடும்பம், கைவாகு எங்கே போகும்? ஆரம்பத்தில் பெருச்சாளி சண்டைக்கு வந்தது. பிறகு, வீட்டுக்குள் குவிந்த காயைப் பார்த்துவிட்டு ஊறுகாய் போட்டது. அதற்குப் பிறகு ஒருநாள் காய் வரவில்லை என்றாலும், "என்ன பாப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டது.

விஷயத்தைக் கிளப்பியதும் அந்தப் பெருச்சாளிதான்.

"அண்ணே, என் மச்சான் மலையில ஒரு மைதானத்துக்குக் கீழே குடியிருக்கான். அதுக்கு மேலே பெரிய மனுஷங்க தொப்பி போட்டுக்கிட்டு, நம்ம பாப்பா பண்றதையேதான் பண்றாங்களாம். குச்சியால பந்தை அடிச்சுக் குழியில போடறது. பேரு கோல்ஃப். காலேஜ்ல அதுக்குன்னு தனி ஒதுக்கீடே இருக்கு."

ஒதுக்கீடு என்ற சொல்லைக் கேட்டதும் ஏகாம்பரத்தின் வால் நிமிர்ந்தது. அன்றே விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தது. விண்ணப்பத்தில் ஒரே ஒரு கல்லூரியைத்தான் தேர்ந்தெடுக்கலாம். 'உறுதி செய்' என்ற பொத்தானை அமுக்கிவிட்டால் பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது. அந்தக் காட்டில் கோல்ஃப் இருந்ததோ இரண்டு கல்லூரிகளில்.

சிந்தாமணிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நாலு வருஷமும் தினமும் அடிக்க வேண்டும். பட்டம் வந்தால் சரி, வராவிட்டாலும் சரி. இதை எந்த வீட்டிலாவது வாய்விட்டுச் சொல்ல முடியுமா? அவளும் சொல்லவில்லை.

முதலில் ஓடைக்கரைக் கல்லூரிக்குப் போனார்கள். வாசலில் வளைவு இல்லை, பூந்தொட்டி இல்லை, 'வருக வருக' கூட இல்லை. ஓட்டுக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு மேடு, ஒரு சரிவு, நாலைந்து குழிகள். புல் என்பது ஆடுகள் மேய்ந்து மிச்சம் வைத்ததுதான். விளையாட்டுப் பொறுப்பாளர் ஒரு நரி. பெயர் சத்தியசீலன். கேன்டீனையும் அதுவேதான் பார்த்துக்கொண்டது.

"கோல்ஃப் எப்படிச் சொல்லிக் கொடுப்பீங்க?" என்று ஏகாம்பரம் கேட்டது.

"சொல்லிக் கொடுக்க மாட்டேங்க. எனக்குத் தெரியாது. மேடு இருக்கு, குழி இருக்கு, குச்சி அந்த மூலையில இருக்கு. பொழுதன்னிக்கும் அடிக்கலாம். ஆடு குறுக்கே வந்தா கொஞ்சம் சத்தம் கொடுக்கணும், அவ்வளவுதான்."

"கோப்பை எத்தனை வாங்கியிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லை. போன வருஷம் ஆறுதல் பரிசு கொடுத்தாங்க. ஆடு தின்னுடுச்சு."

ஏகாம்பரம் எழுந்துவிட்டது. நரி வாசல்வரை கூட வந்து சிந்தாமணியிடம் சொன்னது: "அடுத்து ஐராவதா காலேஜுக்குத்தானே போறீங்க? அங்கே ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளு பாப்பா. 'புல் மேல் நடக்கலாமா?'ன்னு."

வழியெல்லாம் ஏகாம்பரம் அதையே மென்றுகொண்டு வந்தது. தன் கல்லூரியைப் பற்றி ஒரு நரி இவ்வளவு மோசமாகப் பேசுகிறது என்றால், அதில் பெரிய சூழ்ச்சி எதுவோ இருக்க வேண்டும். நரி சொன்னதற்கு நேர்மாறாகச் செய்வது என்பது அந்தக் காட்டில் எல்லாக் குடும்பங்களிலும் உள்ள வழக்கம். பாவம், சத்தியசீலன் பிறந்ததிலிருந்து பொய்யே சொன்னதில்லை. ஆனால் நரி முகத்தை வைத்துக்கொண்டு உண்மை பேசி என்ன பிரயோஜனம்?

ஐராவதா கல்விக் குழுமத்தின் வளைவே மூன்று மாடி உயரம். தாளாளர் ஒரு யானை. வருகிறவர்களை வரவேற்க ஒரு மயில். தோகையை விரித்துக்கொண்டு அது கூட்டிக்கொண்டு போன இடத்தில், கண்ணுக்கு எட்டிய வரைக்கும் பச்சைப்பசேல் என்று புல். பதினெட்டுக் குழிகள், பதினெட்டுக் கொடிகள். பக்கத்தில் கண்ணாடி அலமாரிக்குள் பளபளவென்று கோல்ஃப் மட்டைகள், ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம்.

"காட்டிலேயே வலுவான கோல்ஃப் எங்களுதுதான்" என்றது மயில்.

ஏகாம்பரம் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டது. விடுதியில் சாம்பார் எப்படி? பெண் பிள்ளைகள் எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும்? கேட்டில் காவல் உண்டா? படிப்பு முடிந்ததும் வேலை நிச்சயமா? எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கடைசியில் சிந்தாமணி மெதுவாகக் கேட்டாள்.

"சார், புல் மேல் நடக்கலாமா?"

மயில் ஒரு நிமிஷம் தோகையைச் சுருக்கி, மறுபடி விரித்தது. "இந்தப் புல்லைப் பார்க்கிறதுக்குன்னே வெளிக்காட்டுலேர்ந்து வர்றாங்கம்மா" என்றது.

"பாத்தியா கண்ணு, எவ்வளவு மரியாதையாப் பதில் சொல்றாரு!" என்றது ஏகாம்பரம். வீட்டுக்குப் போய்க் குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டுப் பொத்தானை அமுக்கியது.

சேர்ந்த முதல் நாளே சிந்தாமணி மைதானத்துக்கு ஓடினாள். ஓரத்தில் ஒரு பலகை இருந்தது: 'புல் மேல் நடக்காதீர். மீறினால் டிசி.' பெற்றோர் பார்வையிட வரும் நாட்களில் அதற்கு முன்னால் ஒரு குரோட்டன்ஸ் செடித் தொட்டியை நகர்த்தி வைத்துவிடுவார்களாம்.

கோல்ஃப் வகுப்பு இரண்டாவது மாடியில், பெஞ்சில் உட்கார்ந்து நடந்தது. முதல் பாடம் பந்தின் வரலாறு. இரண்டாவது பாடம் குழியின் இலக்கணம். ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் மட்டை படம் வரைந்து பாகம் குறிக்க வேண்டும். செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு கரடி வந்தது.

"பந்தை அடித்தால் எங்கே போகும்?"

"நான் அடிச்சா குழிக்குப் போகும் சார்."

"தப்பு. முன்னோக்கிப் போகும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, தேனடை சாப்பிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனது.

ஒன்றரை வருஷத்தில் சிந்தாமணி காம்பஸ் வைத்து எழுநூறு பந்துகள் வரைந்திருப்பாள். ஒரு பந்தையும் தொடவில்லை. சாப்பாட்டில் நெல்லிக்காய் ஊறுகாய் வைத்தால் அவளுக்கு அழுகை வந்துவிடும். சொந்த ஊரில் ஏகாம்பரமோ பார்க்கிறவர்களிடம் எல்லாம், "எம் பொண்ணு கோல்ஃப்ல முதல் வகுப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அது பொய்யில்லை.

இரண்டாம் வருஷத்தில் தரம் பார்க்கும் குழு வந்தது. தலைவர் ஒரு எருமை. அலமாரியைப் பார்த்தது, நோட்டுகளைப் பார்த்தது, எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. போகிற நேரத்தில், "யாராவது ஒரு அடி அடிச்சுக் காட்டுங்களேன்" என்றது.

மயிலுக்கு வியர்த்தது. அலமாரிச் சாவி எந்த ஆயுத பூஜையில் தொலைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. மட்டை பிடிக்கத் தெரிந்த மாணவர் யாரென்று கேட்டால், மொத்த வகுப்பும் தரையைப் பார்த்தது. சிந்தாமணி மட்டும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வேலியிலிருந்து ஒரு வேப்பங்குச்சியை ஒடித்துக்கொண்டு, புல் மேல் ஏறினாள். அந்தப் புல்லை மிதித்த முதல் மாணவி அவள்தான்.

பந்துக்குப் பதில் ஒரு நெல்லிக்காய். ஒரே அடி. காய் பறந்துபோய்ப் பதினோராம் குழியில் விழுந்தது.

குழு கைதட்டியது. ஆனால் அடித்த வேகத்தில் உள்ளங்கை அளவு புல் வேரோடு பெயர்ந்து வந்துவிட்டது. அந்தச் சொட்டையைப் பார்த்து யானை வாய்விட்டு அழுதது. எருமைத் தலைவர் பெயர்ந்த புல்லை எடுத்து மென்றுகொண்டே கல்லூரிக்கு முழு மதிப்பெண் போட்டார். சிந்தாமணிக்கு மறுநாளே டிசி. காரணம்: 'புல்லுக்குக் கேடு.' நடத்தை: 'நன்று.'

டிசி வாங்கிய பெண்ணை எந்தக் கல்லூரி சேர்த்துக்கொள்ளும்? ஓடைக்கரை சேர்த்துக்கொண்டது. நரி 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "குச்சி அதே மூலையிலதான் இருக்கு" என்றது.

அதற்குப் பிறகு சிந்தாமணி அடித்தாள், அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள். காலையில் அடித்தாள், வகுப்பைக் கட் அடித்துவிட்டு அடித்தாள், மழையில் நனைந்துகொண்டு அடித்தாள். ஆடுகள்கூட அவள் கையைப் பார்த்துத் தாமாகவே ஒதுங்கிக்கொண்டன. அவ்வளவு சந்தோஷமாக ஒரு கீரி இருந்து அந்தக் காடு பார்த்ததில்லை.

இப்படி அடித்தால் ஜெயிக்காமல் இருக்க முடியுமா? நான்காம் வருஷம் வனக் கோப்பையில் இறுதிச் சுற்றுவரை வந்துவிட்டாள். ஆட்டம் ஓடைக்கரை மைதானத்திலேயே. எதிரில் அடுத்த காட்டு மலைக்கல்லூரியிலிருந்து ஒரு மந்தி. ஏகாம்பரம் வேன் பிடித்து, மாலையும் கையுமாக, பெருச்சாளி உட்பட மொத்தச் சொந்தத்தையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது.

ஐராவதா யானையும் வந்திருந்தது. ஒலிபெருக்கியில் அறிவித்தது: "இன்று ஜெயிக்கும் கல்லூரியை எங்கள் குழுமம் தத்தெடுத்துக்கொள்ளும்! அந்த மைதானத்தை உலகத் தரத்துக்கு உயர்த்துவோம்!"

கூட்டம் விசிலடித்தது. சிந்தாமணி திரும்பிப் பார்த்தாள். யானைக்குப் பின்னால் ஒரு வண்டி நின்றது. அதில் முள்கம்பிச் சுருள்கள், ஒரு குரோட்டன்ஸ் தொட்டி, ஒரு பலகை. 'புல் மேல் நடக்காதீர்' என்று எழுதிய பெயின்ட் இன்னும் காயவில்லை.

கடைசிக் குழி. மந்தி ஆடி முடித்துவிட்டது. சிந்தாமணியின் பந்துக்கும் குழிக்கும் நடுவே ஒரு முழம்தான் பாக்கி. உள்ளே போனால் கோப்பை அவளுக்கு, வெளியே நின்றால் மந்திக்கு. அவள் நரியிடம் வந்தாள்.

"சார், என்ன பண்ணட்டும்?"

"எனக்குப் பொய் சொல்லத் தெரியாது பாப்பா. நீ ஜெயிச்சா என்னை கோல்ஃப் துறைத் தலைவர் ஆக்குறாங்களாம். சுத்துற நாற்காலி. உனக்குக் கழுத்து நிறைய மாலை. மைதானத்துக்கு வேலி."

"தோத்தா?"

"நாளைக்குக் காலையில வழக்கம்போல ஆடு மேயும்."

இரண்டு பேரும் ஆடுகளைப் பார்த்தார்கள். பிறகு நரி குரலைத் தாழ்த்திக்கொண்டது. "இறுதிச் சுற்றுன்னா எல்லாருக்கும் கொஞ்சம் கை நடுங்கும். நடுங்கினா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

சிந்தாமணி போய் நின்றாள். மூச்சை இழுத்து விட்டாள். மெல்லத் தட்டினாள். பந்து உருண்டுபோய்க் குழியின் உதட்டைத் தொட்டு, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வெளியிலேயே நின்றுவிட்டது.

ஏகாம்பரம் மாலையைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டது. "நரி! அந்த நரிதான் எம் பொண்ணைக் கெடுத்துடுச்சு! ஏதோ சூழ்ச்சி பண்ணிடுச்சு!" என்று கத்தியது. சத்தியசீலனின் ஆயுளில் அந்தப் பழி உண்மையாக இருந்தது அன்றைக்குத்தான். அதற்குக் கொஞ்சம் வெட்கமாகவும், முன்னோர்களை நினைத்தால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நூறு அடியிலிருந்து தன் வீட்டு வாசலை ஒருநாளும் தப்பவிடாத கை அது என்று பெருச்சாளிக்கு மட்டும் தெரியும். "விடுங்கண்ணே, கொடுத்து வைக்கலை" என்று ஏகாம்பரத்தை வேனில் ஏற்றியது. ஏறும்போது சிந்தாமணியைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டியது.

வண்டி முள்கம்பியோடு மலைக்குப் போனது. அடுத்த வாரம் மந்தியிடமிருந்து சிந்தாமணிக்கு ஒரு கடிதம் வந்தது. 'அக்கா, மட்டை படம் வரையும்போது நிழல் போடணுமா?' என்று கேட்டிருந்தது.

சிந்தாமணி பதில் எழுதவில்லை. அவள் மேட்டில் இருந்தாள். குறுக்கே ஒரு ஆடு வந்துகொண்டிருந்தது.

நீதி: நல்ல கல்லூரி கிடைத்துவிட்டால் விடாமுயற்சியோடு தோற்றுக்கொண்டே இருங்கள். தப்பித் தவறி ஜெயித்துவிட்டால், புல்லை உங்களிடமிருந்து காப்பாற்ற ஆள் வந்துவிடும்.