பெல்டன் வீட்டுப் பதினேழு பேரும் தலைமுறை அண்ணாச்சியும்

பாளையங்கோட்டையில் தன் தாத்தாவுக்கு அப்பா பெயரைச் சொல்லாமல் தலைமுறை அண்ணாச்சியைத் தாண்டிப் போன மனிதர் ஒருவரும் கிடையாது. கலெக்டர் மட்டும் தப்பினார். அவர் குதிரையில் வேகமாகப் போய்விட்டார். மாட்டு வண்டி வந்தால் நிறுத்தி, வண்டிக்காரனின் மூன்று தலைமுறையை விசாரித்து முடித்து, மாடு எந்தப் பசு ஈன்றது என்றும் கேட்டுக்கொண்டுதான் வழிவிடுவார். நெற்றி நிறையத் திருநீறு, கக்கத்தில் குடை, மடியில் பென்சில். முப்பது வருஷம் சர்க்கார் கச்சேரியில் பழைய பத்திரங்களுக்கு நகல் எழுதியவர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் கை நிற்கவில்லை.

கல்யாண வீடுகளில் அவருக்கு அழைப்பு நின்றுபோனது ஒரு பந்தியில். தாலி கட்டி முடிந்து எல்லோரும் இலைமுன் உட்கார்ந்தாயிற்று. அண்ணாச்சி விரல் மடக்கி எண்ணிப் பார்த்து, ஆறாம் தலைமுறை வழியாக வந்தால் பெண் மாப்பிள்ளைக்குச் சித்தி முறை ஆகிறாள் என்று சொல்லிவிட்டு, பாயசம் கேட்டார். அந்த மாப்பிள்ளையைக் கூட்டாளிகள் கிழவனாகும்வரை, "சித்தி சௌக்கியமால?" என்றுதான் விசாரித்தார்கள்.

நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து வாக்கில். என் வீட்டுக்காரர் கிறிஸ்தவர்களுடைய வேதக்கோயிலில் கோயில்குட்டி. மணி அடிப்பது, பெருக்குவது, ரிஜிஸ்டர் அலமாரிச் சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்வது அவர் வேலை. கோயில் வளாகத்திலேயே எங்களுக்கு ஒரு வீடு. ஒருநாள் சீமையிலிருந்து எங்கள் ஐயருக்கு ஒரு கடிதம் வந்தது. எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். எழுதியது பெல்டன் என்ற குடும்பத்து அம்மாள், கல்யாணம் ஆகாதவள், வயதானவள். அவளுடைய தம்பி, ரொம்ப வருஷத்துக்கு முன்னால் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, ரயில் பாதை போடுகிற வேலைக்கு இந்தப் பக்கம் வந்தவன். கொஞ்ச நாளில் கடிதம் நின்றுபோயிற்று. இறந்துவிட்டான் என்று மட்டும் பிறகு யாரோ எழுதினார்களாம். எப்போது, எங்கே என்று இல்லை. அவர்கள் ஊர்க் கோயில் புத்தகத்தில் இருநூறு வருஷமாக அந்த வீட்டில் பிறந்த எல்லோருக்கும் பிறந்த நாளும் உண்டு, அடக்க நாளும் உண்டு. இவன் ஒருவனுக்குப் பிறந்த நாள் மட்டும் இருக்கிறது. கண் மங்கிக்கொண்டு வருகிறது, அடுத்த குளிர் தாங்காது என்று வைத்தியர் சொல்கிறார், அதற்குள் அந்த இடத்தை நிரப்பவேண்டும் என்று எழுதியிருந்தாள்.

ஐயருக்கு நேரம் ஏது? கடிதத்தை அண்ணாச்சி கையில் கொடுத்தார். அண்ணாச்சி வேறு மதம், ஆனால் பழைய காகிதம் என்றால் எந்தக் கோயில் அலமாரியும் அவருக்கு ஒன்றுதான். அவர் இங்கிலீஷ் எழுதினால் முத்து முத்தாக இருக்கும். வெள்ளைக்காரர் எதிரே வந்தால் வாய் மட்டும் திறக்காது.

அந்த அம்மாளுக்கும் அவருக்கும் கடிதம் போக்குவரத்து ஆரம்பித்தது. அவள் அங்கே கோயில் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி எழுதினாள். அண்ணாச்சி அதைத் தெருவில் நின்று தமிழில் சொன்னார். பெல்டன் வீட்டுக்காரர்கள் கலெக்டரும் இல்லை, கர்னலும் இல்லை, ஆடு மேய்த்துக் கோதுமை விதைக்கிற சம்சாரிகள் என்று தெரிந்ததும் ஊரே அசந்துபோயிற்று. வெள்ளைக்காரனில் ஏர் பிடிக்கிறவன் உண்டு என்பதைப் பாதிப் பேர் நம்பவே இல்லை. வைக்கோல் போரிலிருந்து விழுந்து செத்த ரிச்சர்டு, ஞாயிற்றுக்கிழமை ஏர் பூட்டியதற்காகச் சபைக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்ட ஜான், கல்யாணப் புத்தகத்தில் கையெழுத்துக்குப் பதில் ஒரு கீறல் மட்டும் போட்ட மேரி. ஆறு மாதத்தில் எங்கள் தெருப் பெண்களுக்குத் தங்கள் மாமியார் வீட்டுக் கதையைவிட பெல்டன் வீட்டுக் கதை நன்றாகத் தெரிந்திருந்தது. எனக்கு அந்த மேரியை ரொம்பப் பிடித்துவிட்டது. நானும் பள்ளிக்கூடத்தை இரண்டாம் வகுப்போடு விட்டவள்.

எங்கள் பக்கத்து வேலைதான் தேங்கி நின்றது. அலமாரி முழுக்கக் கறையான். நான் ரிஜிஸ்டர்களை வேப்பிலை போட்டு உதறி, மோர் மிளகாய் காயப்போடுகிற பாயில் பக்கம் பக்கமாகக் காயவைத்தேன். ஒருநாள் என் ஆடு ஒரு கல்யாணத்தைத் தின்றுவிட்டது. அண்ணாச்சி பதறிப்போய், அந்தப் புருஷன் பெண்டாட்டியைத் தேடிப்பிடித்துத் திரும்ப எழுத்து வாங்கப் போனார். புருஷன்காரன், "அப்ப அது போச்சா? அந்த ஆட்டை எங்க கட்டியிருக்காவ, ஒரு கட்டு புல்லு போடுதேன்" என்றானாம்.

அடக்க ரிஜிஸ்டரில் வேண்டிய வருஷங்களெல்லாம் மண்ணாகியிருந்தன. ஆனால் அதே அலமாரியில் இருந்த பழைய விடுதிப் பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் அண்ணாச்சிக்குப் புதையல் கிடைத்தது. பெல்டன் சாமுவேல். பெல்டன் ஞானமுத்து. பெல்டன் மாசிலாமணி. மொத்தம் பதினேழு பேர். தகப்பன் பெயர் எழுதுகிற ஓரத்தைக் கறையான் அரித்திருந்தது. அண்ணாச்சிக்கு அது தேவைப்படவும் இல்லை. முப்பது வருஷம் அவர் எழுதிய பத்திரங்களில் முன்னால் நிற்கிற பெயர் தகப்பன் பெயர், பின்னால் வருவது பிள்ளை பெயர். பெரிய காகிதத்தில் கொடியும் இலையுமாக ஒரு வம்சப் படம் வரைந்தார். தங்கள் தம்பி பதினேழு மக்களைப் பெற்று இவ்விடம் சீரும் சிறப்புமாக வாழ்ந்திருக்கிறார் என்று எழுதி, படத்தோடு தபாலில் சேர்த்துவிட்டு, நேரே என் வீட்டுக்கு வந்தார்.

வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் புளியங்கொட்டை நிறம்.

"வெயில்ல கறுத்திருக்கும்" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு சொன்னார், பதினேழாவது இலையில் பெல்டன் அன்னம்மாள் என்று இருக்கிறதாம். அது நான்தான். சின்ன வயதில் இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்த பெயர், நானே மறந்துபோனது. எனக்குச் சிரிப்பு வந்தது. என் வீட்டுக்காரருக்கு வரவில்லை.

பதினேழு வீட்டிலும் சேதி பரவிற்று. மூன்றாம் நாள், பனங்காட்டு ஊரிலிருந்து, பனை ஏறுகிற என் அப்பா பாளை சீவுகிற அரிவாளோடு வந்து இறங்கினார். அம்மா இரண்டு நாளாக அடுப்புப் பற்றவைக்காமல் அழுதுகொண்டிருந்தாளாம். அண்ணாச்சி எங்கள் முற்றத்தில் ரிஜிஸ்டரும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"வே பிள்ளைவாள், அன்னம் யாரு மக?"

"ரிஜிஸ்டர் பிரகாரம் பாத்தா..."

"ரிஜிஸ்டரைக் கீழ வையும். இந்தக் காலைப் பாரும்." அப்பா வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கி, கோணலாக ஒட்டியிருந்த எலும்பைக் காட்டினார். "இவ பொறந்திருக்கான்னு சேதி வந்தப்ப நான் பனை உச்சியில நிக்கேன். பாதி எறங்குததுக்குள்ள பொறுக்கல, குதிச்சிட்டேன். ஒம்ம ரயில் துரையா குதிச்சான்?"

அண்ணாச்சி ரிஜிஸ்டரை மூடிக் கீழே வைத்தார். என் வீட்டுக்காரர்தான் விஷயத்தை விளக்கினார். சீமையில் யாராவது நல்ல மனதுள்ளவர்கள் இங்கே விடுதிப் பிள்ளை ஒன்றைப் படிக்கவைத்தால், அவர்கள் வீட்டுப் பெயரை அந்தப் பிள்ளைக்கு முன்னால் வைத்துக் கூப்பிடுவது வழக்கம். எங்கள் சபையில் நண்டு சிண்டுக்குத் தெரியும். திருநீறு பூசிக் கச்சேரிக்குப் போனவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

"பதினேழு தாய்மாருக்குப் பழி எழுதிக் கப்பலேத்திட்டேனே, தாயி" என்று அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சொன்னார். அப்பா அரிவாளைத் திண்ணையில் வைத்துவிட்டு, அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

அன்றே மன்னிப்புக் கடிதம் போயிற்று. ஆனால் அந்த அம்மாள் கேட்ட இடம் அப்படியே வெறுமையாக நின்றது, குளிர்காலமும் வந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி கல்லறைத் தோட்டத்துக் கல் ஒவ்வொன்றையும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி வாசித்தார். தம்பிக்குக் கல்லே இல்லை. கடைசியில் ஒருநாள், "புத்தகம் போகலாம், கல்லு இல்லாம இருக்கலாம். பெட்டி ஒருத்தன் செஞ்சிருக்கணும்லா?" என்று கேட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டித் தச்சநல்லூருக்கு நடந்தார்.

அங்கே சவப்பெட்டி செய்து ஓய்ந்த ஓர் ஆசாரிக் கிழவர் இருந்தார். ரயில் வேலைக்கு வந்த துரை என்றதுமே அவர், "நெட்டைத் துரையா? மறக்க முடியுமா?" என்றாராம். அந்த நீளத்துக்குப் பலகை கையில் இல்லாமல், தன் வீட்டு வாசல் கதவைக் கழற்றிப் பெட்டி செய்தவர் அவர். பெண்டாட்டி ஒரு மாதம் பேசவில்லையாம். அடக்கம் தைப்பூசத்துக்கு மறுநாள். அது எந்த வருஷம் என்று கேட்டதற்கு, ஆசாரி எழுந்து வாசல் கதவைக் காட்டினார். புதுக் கதவு போட்டபோது நிலைக்கு மேலே கொல்லம் ஆண்டைச் செதுக்கியிருந்தார். அண்ணாச்சி வீட்டில் பழைய பஞ்சாங்கம் ஒன்றுவிடாமல் உண்டு. கொல்லம் ஆண்டையும் பூசத்தையும் சேர்த்து வைத்து இங்கிலீஷ் தேதியை எடுத்துவிட்டார்.

இடத்தையும் ஆசாரியே வந்து காட்டினார். கிழக்குச் சுவர் ஓரத்து வேப்பமரம். நான் வருஷக்கணக்கில் ஆடு கட்டிய மரம். அன்றைக்கே ஆட்டை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டினேன்.

தேதியையும் இடத்தையும் அண்ணாச்சி சீமைக்கு எழுதினார், பங்குனியில் பதில் வந்தது. அண்ணாச்சி எங்கள் முற்றத்தில் நின்று அதைத் தமிழில் சொன்னார். அந்தப் பதினேழு பெயரையும் வைத்துப் படிக்கவைத்தது அவளுடைய அம்மாவாம். கம்பளி பின்னி விற்று அனுப்பினாளாம். மகன் போன ஊரில் தன் வீட்டுப் பெயரை யாராவது வாய்விட்டுக் கூப்பிடவேண்டும் என்று ஒரே ஆசையாம். பதினேழு மக்கள் என்று அண்ணாச்சி எழுதிய கடிதத்தைப் படித்து அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாளாம், தம்பி போனபிறகு அப்படிச் சிரித்ததே இல்லையாம். தம்பியின் இடத்தைத் தன் கையாலேயே நிரப்பிவிட்டாள். வம்சப் படத்தைத் திருப்பி அனுப்பமாட்டேன், என்னோடு எங்கள் வீடு முடிகிறது, எங்கள் வீட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பதினேழு பேரும் இருக்கட்டும், தாய்மார்கள் மன்னிக்கவேண்டும் என்று முடித்திருந்தாள். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினோம். அவர் காலைத் தடவிக்கொண்டே, "இருந்துட்டுப் போட்டும்" என்றார்.

அந்த அம்மாளுடைய இடமும் நிரம்பிவிட்டது என்று இரண்டு மாதத்தில் அவள் ஊர்க் குருவானவர் எழுதினார்.

சில வருஷம் கழித்து அண்ணாச்சி காய்ச்சலில் போனார். மனைவி முன்னமே போய்விட்டாள், பிள்ளை கிடையாது. ஆற்றங்கரையில் வைத்து எரித்தார்கள். என் வீட்டுக்காரர் ஐயரிடம் போய், ஒரு மணி அடிக்கலாமா என்று கேட்டார். நம் சபை ஆள் இல்லையே என்றார் ஐயர். பிறகு, தனக்கு இன்று காது அடைத்திருக்கிறது, ஒன்றும் கேட்காது என்றும் சொன்னார். செத்தவர் வயதுக்கு எத்தனையோ அத்தனை அடிப்பது வழக்கம். அண்ணாச்சி வயது யாருக்கும் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் பதினேழு அடித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் எல்லாருடைய தாத்தாவையும் விசாரித்த மனிதரிடம், உங்கள் தாத்தா யார் என்று ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. அவருடைய சொந்தப் பெயரே கச்சேரியில் இருந்த ஒரு கிழவர் சொல்லித்தான் தெரிந்தது. எங்கள் வீட்டு வேதபுத்தகத்தின் முதல் தாளில், என் பிள்ளைகள் பெயருக்கு மேலே, என் கோணல் எழுத்தில் அதை எழுதி, போன நாளையும் எழுதினேன். பிறந்த நாளுக்கு இடம் விட்டிருக்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் ஒரு கார்டு போடுங்கள். கண் மங்கிக்கொண்டு வருகிறது, அதற்குள் நிரப்பிவிடவேண்டும்.