ஏழாவது தடவை

"மாஸ்டர், கஸ்டமர் 'பாத்துட்டு சொல்றேன்'னு சொல்லிட்டா என்ன பண்றது?"

"விட்டுடாதீங்கய்யா! ஏழு தடவை போய்ப் பாருங்க. ஆறு தடவை சும்மா உதவி பண்ணுங்க. ஏழாவது தடவை பளிச்சுனு கேட்டுடுங்க!"

ஜோகூர் பாருவில் நடந்த சிறு வியாபாரிகள் வகுப்பில் கமலநாதன் எழுந்து நின்று கேட்ட கேள்வி அது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தது கூட அவனுக்கு நினைவிருந்தது.

அந்தப் பதிலை நம்பித்தான் பொந்தியானிலிருந்து லாயாங் லாயாங்குக்கு வேனை ஓட்டிக்கொண்டிருந்தான். அங்கே வீட்டிலேயே ரவிக்கை தைக்கும் கஸ்தூரி ஒருநாள் போன் போட்டு, மணவறை அலங்காரம் பற்றி விசாரித்தாள். எல்லாம் கேட்டுவிட்டு, "பாத்துட்டு சொல்றேன்" என்றாள்.

இந்த மாதம் ஒரு கல்யாணமாவது கிடைக்காவிட்டால் மணவறை அலங்காரக் கடையை மூடிவிட்டு, பழையபடி விடியுமுன் பாலம் தாண்டி சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போக வேண்டியதுதான்.

முதல் தடவை போனபோது, "தேதியே வைக்கலயே" என்றாள்.

இரண்டாம் தடவை குருக்களிடம் மூன்று நல்ல நாள் குறித்துக்கொண்டு போனான்.

"மண்டபம் இல்லயே."

மூன்றாம் தடவை மண்டபத்துக்கும் சொல்லிவைத்துவிட்டுப் போனான்.

"மணவறை நாற்காலி அப்பாவுக்குப் பிடிக்கணுமே."

நான்காம் தடவை, தங்க நிறச் சிம்மாசனத்தை வரவேற்பறையில் கொண்டுவந்து இறக்கினான். கஸ்தூரியின் அப்பா சின்னத்தம்பி அதில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவேயில்லை.

"பிரமாதம் தம்பி. டிவி நேரா தெரியுது."

"தூண் இல்லாம மொட்டையா இருக்கே" என்றாள் கஸ்தூரி.

ஐந்தாம் தடவை நான்கு தூண்கள் வந்தன. குளிர்சாதனப் பெட்டி கார் நிறுத்தும் இடத்துக்குப் போனது.

ஆறாம் தடவை விளக்குச் சரம். பொத்தானைத் தட்டியதும் தெருவே மின்னியது.

"அலமாக்! டிவியில சீரியல் தெரியலலா!" என்று சின்னத்தம்பி கண்ணை மூடிக்கொண்டார்.

வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு மலர் பழத்தட்டோடு ஓடி வந்தாள். "என்னக்கா, கல்யாணம்னு ஒரு வார்த்தை சொல்லல! மாப்பிள்ளை எங்க?"

கமலநாதனுக்கும் அப்போதுதான் உறைத்தது. கஸ்தூரியிடம் மெதுவாகக் கேட்டான். "மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்றாங்க?"

"அவங்க இன்னும் வாயே திறக்கல."

திரும்பும் வழியெல்லாம் அந்தப் பதில் ஏன் அவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவனுக்கே விளங்கவில்லை.

ஏழாம் தடவை வெறுங்கையோடு போனான். கண்ணாடி முன் நின்று பழகிய வசனம் மட்டும் கையிருப்பு.

"கஸ்தூரி, இன்னைக்கு நேராவே கேட்டுடறேன். ஆர்டர்..."

"இருங்க. நான் முதல்ல கேக்கணும்" என்றவள், தைத்துக்கொண்டிருந்த ரவிக்கைத் துணியின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"சீக்கிரம் கேளும்மா, சீரியல் போட்டுருவான்" என்று சிம்மாசனத்திலிருந்து குரல் வந்தது.

கஸ்தூரி ஒரே மூச்சில் சொன்னாள்.

"அந்த வகுப்புல பின்னால உட்கார்ந்து சிரிச்சது நான்தான், எனக்கும் இது ஏழாவது தடவை... என்னைக் கட்டிக்கிறீங்களா?"