உபரியில் ஒரு பாலம் கேட்டு மாப்பிள்ளைக்கு எழுதியது

நிதித்துறைத் தபால் பிரிவில் சீரும் சிறப்புமாக வீற்றிருக்கும் மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மாமியாரும் நலம். ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகளும் பேரனும் நீங்களும் நலமென்று நம்புகிறேன். நலம் விசாரித்தாயிற்று, விஷயத்துக்கு வருகிறேன், கை பரபரக்கிறது.

அரசுக் கஜானாவில் உபரி விழுந்திருக்கிறதாம், அதை என்ன செய்யலாமென்று தெருவுக்கு ஒரு யோசனை எழுதி அனுப்பலாமாம். ரேடியோவில் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உடனே தெருக்காரர்களைக் கூட்டினேன். "ஆளாளுக்குப் பிரிச்சுக் கொடுத்துடட்டும், சண்டையே இல்ல" என்றார் தையற்காரர். பக்கத்து வீட்டு டீச்சர், "கெட்ட காலத்துக்கு எடுத்து வைக்கணும் சார்" என்றார். சலூன்காரர் முச்சந்தியில் கலர் விளக்கு வைத்த நீரூற்றுதான் வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றார். நான் விடுவேனா? "யோவ், நாலு வருஷம் முன்னாடி என் பொண்ணுக்கு வலி எடுத்தப்போ ஆம்புலன்ஸ் கால்வாய்க்கு அந்தப் பக்கமே நின்னுடுச்சே, உன் சலூன் நாற்காலியில உட்கார வச்சு இடுப்பளவுத் தண்ணியில நாலு பேர் தூக்கிட்டுப் போனீங்களே, மறந்துட்டியா?" என்றேன். மனுஷன் நீரூற்றை வாபஸ் வாங்கினார். அந்த நாற்காலி அன்றிலிருந்து சுற்றுவதில்லை என்பது மட்டும் அவருக்கு மனக்குறை. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாலம்தான் என்று ஏகமனதாக முடிவு, எனக்கு இருபது வயசு குறைஞ்சே போச்சு மாப்பிள்ளை. பிரசவத்துக்கு இங்கே வர்றதுக்குள்ள, ரெண்டு மாசத்துல முடியுமான்னு கேட்காதீங்க, இப்போதைக்கு ஒரு மரப்பாலமாவது போதும், இந்தக் குழந்தையாவது நனையாம பிறக்கணும். இத்தனை வருஷமா இந்தப் பாலத்தை எந்தப் புண்ணியவான் தடுத்தானோ, அவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்.

பேரனுக்கு முத்தம், மகளுக்கு ஆசிகள், உங்கள் மேலதிகாரிக்கு என் தாழ்மையான வணக்கம்.

இப்படிக்கு,
முப்பத்தாறு வருஷம் பொதுப்பணி அலுவலகத்தில் கோப்பு பார்த்த மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள், ஆதாரத்துக்கு ஏதாவது கிடைக்குமா என்று உங்கள் மாமியார் பரணில் தேடினாள். நான் பார்த்த கோப்புக்கெல்லாம் வீட்டில் ஒரு நகல் வைத்திருப்பேன், அந்தக் கெட்ட பழக்கம் உங்களுக்குத் தெரியும். நம் பாலத்துக்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஓரத்தில் சிவப்பு மையில், "பாலம் கேட்கப்பட்டுள்ளது. முதலில் கால்வாய் எதற்கு? விளக்கம் தேவை" என்று எழுதித் திருப்பியிருக்கிறது. கையெழுத்து என்னுடையது. பிற்பாடு இதே தெருவில் வீடு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியவனும் நான்தான்.

"கஜானாவுல மிச்சம் எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பப் புரியுதா?" என்றாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அந்த மாதிரி நாலாயிரம் கோப்பு திருப்பியிருப்பேன்.

ஆகவே, புண்ணியவான் பற்றிய வரியை அடித்துவிட்டு மற்றதை அப்படியே மேலே அனுப்பவும். பிரசவத்துக்குள் பாலம் வராவிட்டால், நாற்காலியின் முன்பக்கத்தை இந்த முறை நான்தான் தூக்க வேண்டுமென்று உங்கள் மாமியார் உத்தரவு. நான் விளக்கம் கேட்கவில்லை.