ஸ்பீக்கர் மூடி

"அஸ்ஸலாமு அலைக்கும் நஜ்முன்னிசா..."

துபாய்க்குப் போன அப்துல் மஜீதின் குரல் இதுவரை தெளிவாக வந்தது. அதற்கு மேல் அம்பாசிடரின் பின் கதவு கரகரவென்று தானே பேச ஆரம்பித்துவிட்டது.

பின் சீட்டிலிருந்த நஜ்முன்னிசா கண்ணாடியைப் பாதி இறக்கினாள். "அங்கமுத்துண்ணே, ஒண்ணுமே வெளங்கல."

வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டி நின்ற டாக்சி டிரைவர் அங்கமுத்து ஓடி வந்தான். முதுகைக் காட்டி நிற்பது அவன் தொழில் மரியாதை. லப்பைக்குடிக்காட்டில் பாதி வீடுகளுக்குக் கடிதத்துக்குப் பதில் கேசட்தான் வரும். வீட்டு டேப்பில் போட்டால் மாமியார், நாத்தனார், பக்கத்து வீடு எல்லாரும் கேட்பார்கள். அங்கமுத்துவின் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் புருஷன் பேச்சு பெண்டாட்டிக்கு மட்டும்.

மஜீது கடைசியாக ஊருக்கு வந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது. துபாயிலிருந்து லீவில் வந்து, கேசட்டை நேற்று சாயந்திரம் கொண்டுவந்து கொடுத்த அப்துல் சுக்கூர், "வர்ற தேதிய இதுல சொல்லியிருக்காராம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நஜ்முன்னிசா விடிய விடியத் தூங்கவில்லை.

"ஸ்பீக்கர் மூடிதான் அதிருது தங்கச்சி. நாலே நாலு கொக்கி. நெம்புனா வந்துடும். ஒரு ஸ்பூன் கெடைக்குமா?"

பக்கத்து வீட்டு சாகிரா டீ ஸ்பூனோடு வந்தாள். அங்கமுத்து நெம்பினான். டக்கென்று ஒரு கொக்கி முறிந்தது. மூடி கையோடு வந்தது. கூடவே ஏழெட்டுப் பொட்டுக்கடலை உதிர்ந்தது. இந்தக் காரில் ஜெயங்கொண்டத்துக் கல்யாணத்துக்குப் போன பிள்ளைகள் மூடியின் ஓட்டை வழியாக ஒவ்வொன்றாகப் போட்டிருந்தார்கள்.

"இதுதான் கரகரப்பு!" என்றான் அங்கமுத்து.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூடியில்லாத ஸ்பீக்கரைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. மறுபடி மாட்டினான். மூன்று கொக்கியில் அது நிற்க மறுத்தது. நான்காவது மூலைக்கு ஒரு திருகாணியை வைத்து முறுக்கினான். திருகாணி நழுவிக் கதவுக்குள் விழுந்தது. கதவைச் சாத்தினால் உள்ளே கலகலவென்றது.

"இதுக்குப் பொட்டுக்கடலையே தேவலாம்ணே" என்றாள் சாகிரா.

திருகாணியை எடுக்கக் கதவின் உள்பலகையையே கழற்றினான். தடாரென்று கண்ணாடி கதவுக்குள் இறங்கியது. இறங்கும்போது ஸ்பீக்கர் ஒயரையும் இழுத்துக்கொண்டு போனது. இப்போது கரகரப்பும் இல்லை, மஜீதும் இல்லை. ஜோடி ஸ்பீக்கரில் மற்றொன்று போன வருஷமே அங்கமுத்துவின் மச்சானுக்குச் சீராகப் போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து அரியலூரிலிருந்து வரும் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பாலசுந்தரம் படியில் தொங்கியபடி கத்தினார். "அங்கமுத்து! அரியலூர் ஸ்டேசன்ல ஒருத்தரு கார் கேட்டுக்கிட்டு நிக்கிறாரு. பொட்டி பஸ்ஸுக்குள்ள நொழையல. போறியா?"

"கதவே கழண்டு கெடக்கு, ஆளப் பாரு!"

"நல்ல சவாரிய்யா!"

"இந்தத் தங்கச்சி வூட்டுக்காரரு பேச்சக் கேக்காம வண்டி நகராது. அந்தாளு நிக்கட்டும்!"

பஸ் போய்விட்டது. அங்கமுத்து தலையைக் கதவுக்குள் நுழைத்தான். ஒரு மணி நேரம் ஆயிற்று. இன்னொரு மணி நேரமும் ஆயிற்று.

"நீங்க முடிக்கிறதுக்குள்ள மஜீது மச்சான் நடந்தே வந்துடுவாரு போல" என்றாள் சாகிரா. தெருப் பெண்கள் சிரித்தார்கள். நஜ்முன்னிசா சிரிக்கவில்லை. குனிந்து கதவின் ஓட்டையில் காதை வைத்தபடியே இருந்தாள்.

தெருமுனையில் ஒரு சிமெண்டு லாரி நின்று கிளம்பியது. உச்சந்தலையிலிருந்து செருப்பு வரை வெள்ளையாக ஓர் ஆள், தலையில் பெட்டியோடு வந்து நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

அங்கமுத்துவுக்குத் தெரிந்தது இரண்டு வெள்ளைக் கால்கள்தான். "யாருய்யா? சும்மாதான நிக்கிற, இந்த மூடியப் பிடி. இருமாத! சத்தம் வரப்போவுது."

அவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மூடியை வாங்கிக்கொண்டார்.

ஒயர் சேர்ந்தது. நிறுத்தி வைத்திருந்த டேப்பை நஜ்முன்னிசா எட்டி ஓடவிட்டாள். சத்தம் வருகிறதா என்று பார்க்க அங்கமுத்து முன்பே சத்தக் குமிழைக் கடைசிவரை திருகி வைத்திருந்தான். ஏற்றி மூடக் கண்ணாடியும் இல்லை. மஜீதின் குரல் தெரு முழுக்க முழங்கியது.

"...வர்ற வியாழக்கெழம காலையில ஆறு மணி ரயில்ல அரியலூர்ல எறங்குறேன். பொட்டி பெருசு, பஸ் சரிப்படாது. அங்கமுத்து வண்டிய அனுப்பி வையி, நஜ்மு. உன்னையப் பாக்காம ரெண்டு வருசமா நான்..."

நஜ்முன்னிசா பாய்ந்து டேப்பை அணைத்தாள். முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டாள்.

அங்கமுத்துவுக்கு வியர்த்தது. "இன்னைக்கு வியாழக்கெழமையாச்சே! அய்யய்யோ, ஸ்டேசன்ல நிக்கிறது அவருதான்! யோவ், மூடியக் குடுய்யா, சீக்கிரம்!"

வெள்ளை ஆள் தாடியைத் தட்டிவிட்டார். சிமெண்டு பறந்தது.

"அவசரமில்ல அங்கமுத்து, நிதானமா மாட்டு. நான் லாரியிலயே வந்து சேந்துட்டேன்."