உறைமோர் சாரின் பொன்முடித் தயிர்

திருவனந்தபுரத்தில் எங்கள் உறைமோர் சார் அளவுக்கு ஊரார் வீட்டுத் தயிரை வாங்கியவர் யாரும் கிடையாது. அவரோடு தெருவில் நடந்து நான் வெட்கப்பட்ட அளவுக்கு வெட்கப்பட்டவரும் யாரும் கிடையாது.

பல்கலைக்கழக நுண்ணுயிரியல் துறையில் அவர் இணைப் பேராசிரியர். நான் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர். இருவரும் நாகர்கோவில் பக்கம் என்பதால் ஒரே அறையில் போட்டுவிட்டார்கள். பக்கத்து அறைக்காரர் காசநோய்க் கிருமியை ஆராய்ந்து ஜெர்மனி போய் வந்தார். எதிர் அறை அம்மா மருந்துக்கு மசியாத பாக்டீரியாவைப் பற்றிப் பேசி டிவியில் வந்தார். துறை வாசலில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் அவரவர் ஆய்வு ஆர்வம் எழுதிய பலகை உண்டு. சார் பெயருக்கு எதிரே 'பால்பொருள் நுண்ணுயிரியல்' என்று கௌரவமாகத்தான் எழுதியிருந்தார்கள். சுற்றி வளைப்பானேன் என்று அவர் அதை அழித்து 'தயிர்' என்று எழுத வைத்தார். வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள்.

அவர் கொள்கை எளிமையானது. தலைமுறைகளாக ஒரே உறைமோர் அறுபடாத வீட்டில், உலகத்தில் வேறெங்கும் இல்லாத பாக்டீரியா இருக்கும். அதைத் தேடிக் கையில் கண்ணாடிக் குப்பியோடு வீடு வீடாகப் போவார். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நான். கிழக்கேகோட்டை அக்ரகாரத்தில் ஒரு மாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"போன வாரம்தானே வந்து வாங்கிண்டு போனேள்? பழைய சாதமும் இருக்கு, போடட்டுமா?"

"வேண்டாம் மாமி, தயிர் மட்டும் போதும்."

"பின்னாடி நிக்கற பிள்ளையாண்டானுக்கு?"

இன்னொரு நாள் பஸ்ஸில் குப்பி மூடி தெறித்து, கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவரின் வெள்ளை வேட்டியில் தயிர் கொட்டியது. "அண்ணாச்சி, ஆடாம அனங்காம இரிங்க, சாம்பிளாக்கும்" என்று சார் கரண்டியால் வேட்டியிலிருந்து வழித்தெடுக்க ஆரம்பித்தார். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டேன்.

இவ்வளவு அலைச்சலுக்கும் கடைசியில் பலன் வந்தது. பொன்முடி எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், கொழுந்து பறிக்கும் செல்வி அக்கா கொடுத்த தயிர் கத்தியால் வெட்டலாம் போல இருந்தது. அதிலிருந்த பாக்டீரியாவை சார் எந்த வீட்டுத் தயிரிலும் கண்டதில்லை. கட்டுரை அச்சேறியது. முதல் பெயர் அவருடையது, இரண்டாவது என்னுடையது. துறையில் முதன்முறையாக யாரும் சிரிக்கவில்லை. பல வருடங்களாக நழுவிக்கொண்டே இருந்த பேராசிரியர் பதவி உயர்வுக்கு நேர்காணலும் வந்தது.

அதற்கு முந்தின வாரம், இன்னும் கொஞ்சம் தயிர் வாங்க மறுபடி மலையேறினோம். அக்கா கொண்டுவந்து வைத்தது நீர்த்து, புளித்துக் கிடந்தது.

"அன்னைக்குத் தந்தது இது இல்லியே?" என்றார் சார்.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அது எங்க தயிரில்ல சார். நீங்க வர்றீங்கன்னு கடையில பாக்கெட் தயிர் வாங்கி சட்டியில மாத்தி வச்சேன். இந்தப் புளிச்சதப் போயி காலேஜ் சாருக்குக் குடுத்தா நாணக்கேடில்லியா?"

எனக்கு மொத்த மலையும் வழுக்கியது. கடைத் தயிரைச் சார் ஜென்மத்தில் பரிசோதித்ததில்லை. அவர் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "சோறு இருக்கா தாயி?" என்றார். அந்தப் புளித்த தயிரைப் பிசைந்து, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கியும் சாப்பிட்டார். கட்டுரையைப் பற்றி அக்காவிடம் மூச்சு விடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நான் கெஞ்சினேன். "இன்டர்வியூ முடியட்டும் சார். அப்புறம் சொல்லிக்கிடலாம். இது யாருக்குத் தெரியப் போவுது?"

"அந்தப் பாக்டீரியாவுக்குத் தெரியுமேவே" என்றார்.

நேர்காணல் அறையின் கதவு சரியாகச் சாத்தவில்லை. வெளியே நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. முக்கியமான கண்டுபிடிப்பு என்ன என்று கேட்டார்கள்.

"பாக்கெட் தயிரில் பாக்டீரியா இருப்பதைக் கண்டுபிடித்தேன்" என்றார்.

உள்ளே ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு எல்லோரும். தவறு எப்படி நேர்ந்தது என்று ஒரு குரல் கேட்டது.

"சாம்பிள் எடுத்தது நான். விசாரிக்காமல் எடுத்துவிட்டேன். கூட வந்தவருக்கோ தயிர் தந்தவருக்கோ இதில் பங்கில்லை."

பதவி உயர்வு கிடைக்கவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். மாணவர்கள் எங்கள் அறைக்கு 'மில்க் பூத்' என்று பெயர் வைத்தார்கள். அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று வெளியே வந்தவர் அறிவிப்புப் பலகையைப் படிக்கிறவர் போல வெறும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். காது மடல்கள் சிவந்திருந்தன.

"வாரும்வே, ஒரு சாயா குடிப்போம்" என்றார். "தனியாப் போக வெக்கமாட்டு இருக்கு."

விஷயம் எங்களுக்கு முன்பே கேன்டீனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. துறை முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருந்தது. சார் மூலை மேஜையைத் தேடினார். நான் அவரை நடு மேஜைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, எல்லோரும் பார்க்க, என் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.